சமையலறைத் துணிகளைத் தைத்து விற்க: துணி வாங்குவதிலிருந்து உத்யம் பதிவு வரை

தையல் ஓரளவு தெரியும், வீட்டில் மிஷின் இருக்கிறது, பிளவுஸ் தைக்கத் தெருவுக்கு நாலு கடை வந்துவிட்டது, வேறு என்ன தைத்து விற்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்கிற எண்ணம் இல்லை, வீட்டு அடுப்படிக்கு மட்டும் தைத்தால் போதும் என்பவர்கள் முதல் எட்டுப் படிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் ஸ்பாஞ்சுக்குப் பதிலாகச் சமையலறையில் புழங்கும், துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். நேர்த்தையல் போட வந்தாலே போதும். காஜா, காலர் எதுவும் இதில் வராது.

எந்தத் துணி எதற்கு ஆகும், அது எங்கே கிடைக்கும், விற்பதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆள் கிடைக்காமல், கடை கடையாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் அலைந்துதான் நான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்குமுன் ஒன்று. எதைத் தைத்தாலும், "மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொடியில் போட்டால் இது மறுநாள் காலைக்குள் காயுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்க்கும் பல மாதிரிகள் தடித்த ஃபிளானல் துணியை இரண்டு அடுக்காக வைத்து, நடுவில் பஞ்சு கொடுத்துத் தைத்தவை. துணி உலர்த்தும் இயந்திரம் வீட்டிலேயே இருக்கிற நாடுகளுக்கு அது சரி. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அந்தத் துணி இரண்டு நாளானாலும் ஈரமாகவே கிடக்கும், வாடை பிடிக்கும், கிருமி பெருகும். வாங்கியவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஸ்பாஞ்சுக்கே போய்விடுவார். அழகாக இருப்பதைவிடச் சீக்கிரம் காய்வது முக்கியம். கீழே சொல்லும் அளவு, அடுக்கு, துணி எல்லாமே இந்த ஒரு கணக்கை வைத்துச் சொன்னவைதான்.

1. முதலில் மூன்று பொருளோடு நிறுத்துங்கள்

ஆரம்பத்திலேயே பத்து வகை தைக்கப் போகாதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் தனித் துணி, தனி அளவு, தனி விலை என்று கையிருப்பு பெருகிப் பணம் முடங்கிவிடும். எல்லா வீட்டிலும் நாள்தோறும் புழங்குபவை மூன்று: அடுப்பு மேடை துடைக்கும் துணி, சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணி, பாத்திரம் தேய்க்கும் பீர்க்கன் நார். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்க்கும் விரிப்பு, கிண்ணத்துக்கு மூடுதுணி எல்லாம் இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு.

2. துணி வாங்குவது

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேடைத்துணிக்கு ஈரிழைத் துண்டுத் துணி அல்லது காடா துணி வாங்குங்கள். ஈரிழை நெசவு நெருக்கம் குறைந்தது. தண்ணீரைச் சட்டென்று இழுக்கும், சீக்கிரம் காயும். காடா என்பது சாயமும் போடாமல் வெளுக்கவும் செய்யாமல் தறியிலிருந்து இறங்கியபடியே வரும் பருத்தித் துணி. விலை குறைவு, நன்றாக உழைக்கும், ஆனால் முதல் துவையலில் சுருங்கும். கரித்துணியின் உள்ளடுக்குக்குப் பழைய ஜீன்ஸ் நல்லது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், அக்கம்பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும்.

ஈரோடு பக்கம் போகிறவர்கள் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையைப் பாருங்கள். வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். கரூரில் ஏற்றுமதிக்காகச் சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு நெய்யும் நிறுவனங்கள் நிறைய உண்டு. அளவு மாறியதும் கரையில் சின்னக் குறை உள்ளதும் கழிவு விலையில் வெளியே வரும். திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். பனியன் துணிக்கு ஓரம் பிரியாது என்பதால் மடித்துத் தைக்காமலே எண்ணெய்ப் பிசுக்கு துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூட்டையாக வாங்கும்போது மேலே மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அடிவரை கையை விட்டு எடுத்துப் பாருங்கள். லைக்ரா கலந்த துணியும் பாலியஸ்டரும் கலந்து கிடக்கும், அவை தண்ணீரை இழுக்காது.

"காட்டன்" என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது. பாலியஸ்டர் கலந்த பாலி காட்டனையும் பேச்சுவாக்கில் காட்டன் என்றுதான் சொல்வார்கள். மொத்தமாக எடுக்குமுன் கால் மீட்டர் வாங்கி வந்து வீட்டில் இரண்டு சோதனை செய்யுங்கள்.

எரிப்புச் சோதனை: துணியின் ஓரத்திலிருந்து நெடுக்கில் சில இழையும் குறுக்கில் சில இழையும் தனித்தனியாக உருவுங்கள். சிங்குக்கு மேலே இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் தூளாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சுருண்டு உருகும், பிளாஸ்டிக் நாற்றம் வரும், நுனியில் கறுப்பாக ஒரு கெட்டி மணி நிற்கும். நெடுக்கு இழை பருத்தியாகவும் குறுக்கு இழை பாலியஸ்டராகவும் இருக்கும் துணிகள் உண்டு. அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

சொட்டுச் சோதனை: துவைத்துக் காய்ந்த துண்டை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். விட்டதும் பரவினால் சரி. முத்தாக மேலேயே நின்றால் கஞ்சி இன்னும் போகவில்லை அல்லது துணி கலப்படம்.

சாயத் துணி என்றால் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாங்க வேண்டாம். மைக்ரோஃபைபர் துணி நன்றாகத் துடைக்கும் என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் பாலியஸ்டரும் பாலியமைடும் சேர்ந்தது, துவைக்கிறபோதெல்லாம் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் சாக்கடைக்குப் போகும். ஸ்பாஞ்சை விட்டுவிட்டு அதற்கு மாறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

3. வெட்டுமுன் நனைத்துச் சுருக்குங்கள்

வாங்கி வந்த அன்றே வெட்ட உட்காராதீர்கள். காடா துணியில் தறிக்காகப் போட்ட கஞ்சி இருக்கும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சலவை சோடா ஒரு கைப்பிடி போட்ட கொதிநீரில் அரை மணி நேரம் வைத்து அலசுங்கள். முதல் தண்ணீர் பழுப்பாகவும் கொழகொழப்பாகவும் இறங்கும். தண்ணீர் தெளியும்வரை அலசி, வெயிலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள்.

48 அங்குல அகலமுள்ள காடா ஒரு மீட்டர் நனைத்துக் காய்ந்தால், 45 அங்குல அகலம், 36 அங்குல நீளம் என்கிற அளவுக்கு வரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். துணிக்குத் துணி இது மாறும். புதிய கடையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் நனைக்குமுன்னும் பின்னும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இந்த வேலைக்கு வெயில் காலத்தில் இரண்டு நாள், மழைக் காலத்தில் நாலு நாள் ஒதுக்குங்கள். யாராவது அவசரமாகக் கேட்டாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நனைக்காமல் தைத்தால் வாங்கியவர் வீட்டு முதல் துவையலிலேயே துணி கோணிக்கொள்ளும்.

4. மிஷின், ஊசி, நூல்

சாதாரணக் கால் மிஷினே போதும். இல்லாதவர்கள் பழைய மிஷின் வாங்கலாம். வாங்குமுன் ஜீன்ஸ் துணியை நாலாக மடித்து அங்கேயே தைத்துப் பாருங்கள். தையல் விட்டால் வேறு மிஷின் பாருங்கள். வருமானம் குறைந்த பெண்கள், கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தமிழ்நாடு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. விசாரிக்க வேண்டிய இடம் மாவட்ட சமூக நல அலுவலகம். வருமானச் சான்று, வயதுச் சான்று, தையல் கற்றதற்கான சான்று, ஆதார், புகைப்படம் எல்லாம் கேட்பார்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். மிஷின் கைக்கு வர மாதக்கணக்காகலாம். அதை நம்பி ஆர்டர் பிடிக்காதீர்கள்.

ஊசி: மேடைத்துணிக்கு 14, ஜீன்ஸ் அடுக்குக்கும் பீர்க்கன் நாருக்கும் 16 அல்லது 18. மழுங்கிய ஊசி ஈரிழைத் துணியில் இழையை இழுத்துவிடும். ஊசி விலை சொற்பம்தான், அடிக்கடி மாற்றுங்கள்.

நூல்: மேடைத்துணிக்கு எந்த நூலும் தாங்கும். கரித்துணிக்குக் கட்டாயம் பருத்தி நூல்தான். பாலியஸ்டர் நூல் சூட்டில் இளகும். காய்ந்த தோசைக்கல்லின் ஓரம் பட்டால் தையல் விட்டுப்போகும். பருத்தி நூல் போடும்போது மேல்நூல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் அறுந்துகொண்டே இருக்கும்.

5. மேடைத்துணி

ஒற்றை அடுக்கு. நனைத்துச் சுருங்கிய 45க்கு 36 துணியில், அகலத்தில் 11 அங்குலமாக நாலு, நீளத்தில் 12 அங்குலமாக மூன்று என்று வெட்டினால் 12 துண்டு வரும். கத்தரிக்குமுன் ஒரு இழையை உருவிவிட்டு அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். இல்லையென்றால் துண்டுகள் சாய்ந்துபோகும்.

நாலு ஓரமும் கால் அங்குலம் மடித்து இஸ்திரி போட்டு, மறுபடி கால் அங்குலம் மடித்து, உள்விளிம்பை ஒட்டித் தையுங்கள். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழட்டும். தைத்து முடித்தால் 10க்கு 11 அங்குலம் நிற்கும். கையை விரித்துப் பிடித்துத் துடைக்கவும், ஒரு கையால் முறுக்கிப் பிழியவும் இந்த அளவுதான் தோது. ஒரு மூலையில் நாலங்குல நாடாவை மடித்து வளையமாக வைத்துத் தைத்துவிடுங்கள். ஆணியில் தொங்கவிட்டால்தான் காற்றுப்பட்டுக் காயும். குழாய் மேல் சுருட்டிப் போட்டால் காயாது.

ஓரத்தையல் நூலின் நிறத்தை வேலைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். மேடைக்குப் பச்சை, மீனும் கறியும் நறுக்கும் இடத்துக்குச் சிவப்பு, தரைக்குக் கறுப்பு. கூடுதல் செலவில்லாத இந்த ஒரு சின்ன ஏற்பாட்டை வாங்கியவர்கள் திரும்பத் திரும்பப் பாராட்டியிருக்கிறார்கள்.

6. கரித்துணி

இது கையைக் காப்பாற்றும் பொருள். அக்கறையாகத் தையுங்கள்.

எட்டு அங்குலச் சதுரம். உள்ளே ஜீன்ஸ் துணி இரண்டு அடுக்கு, வெளியே காடா உறை. பலரும் எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். துவைத்தால் நடு அடுக்கு காயவே காயாது. அதனால் தலையணை உறையைப் போல உறையைத் தனியாகவும் திண்டைத் தனியாகவும் தையுங்கள். இரண்டு ஜீன்ஸ் அடுக்கையும் குறுக்கே இரண்டே இரண்டு கோடு தைத்து இணையுங்கள். உறையின் ஒரு பக்கத்தில் இரண்டு அங்குல மடிப்பு விட்டால் திண்டு வெளியே வராது. துவைக்கும்போது உருவித் தனித்தனியாகக் காயப்போடலாம்.

ஃபோம், பாலியஸ்டர் பஞ்சு, நைலான் சேலைத் துண்டு எதையும் உள்ளே வைக்காதீர்கள். சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குஞ்சம், தொங்கும் லேஸ், நீள நாடா எதுவும் வேண்டாம். கேஸ் அடுப்பில் பாத்திரத்தை இறக்கும்போது தொங்கும் நுனிதான் முதலில் பற்றும். மாட்டும் வளையம் விரல் நுழையும் அளவே இருக்கட்டும்.

விற்குமுன் நீங்களே சோதியுங்கள். இட்லிப் பானை மூடியை ஆவியோடு தூக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்துப் பாருங்கள். பொறுக்க முடியாத சூடு ஏறினால் ஜீன்ஸ் இன்னொரு அடுக்கு கூட்டுங்கள். "ஈரமாக இருக்கும்போது பிடிக்காதீர்கள்" என்று சீட்டில் கட்டாயம் எழுதுங்கள். ஈரத்துணி சூட்டை வேகமாகக் கடத்தும், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கையைச் சுட்டுவிடும்.

7. பீர்க்கன் நார்

கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய், நுரைப்பீர்க்கங்காய் இரண்டின் கூடும் உதவும். நுரைப்பீர்க்கில் நார் அடர்த்தி அதிகம். நாட்டு மருந்துக் கடைகளில் குளிப்பதற்காக விற்பதையே வாங்கலாம், ஆனால் வெளுத்துப் பளிச்சென்று இருப்பதைத் தவிருங்கள். தோட்டம் உள்ளவர்களிடம் சொல்லிவைத்தால் விதையை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டைக் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துத் தோலை உரித்து, விதையைத் தட்டி எடுத்து, நீளவாக்கில் ஒரு வெட்டுக் கொடுத்து விரியுங்கள். அம்மிக்கல்லோ கனமான பலகையோ வைத்து அழுத்திக் காயவிடுங்கள். மூன்றுக்கு நாலு அங்குலமாக நறுக்குங்கள். தைக்கப்போகும்போது மறுபடி லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நார் ஊசி பட்டு நொறுங்கும், நனைந்தது வளைந்துகொடுக்கும். பின்பக்கம் ஈரிழைத் துணி ஒற்றை அடுக்கு வைத்து, மிஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றித் தையுங்கள். ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) வெட்டி பைப்பிங் மாதிரி சுற்றிவிட்டால் நார் கையில் குத்தாது.

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கானுக்கு இது நல்லது. அடிப்பிடித்த இரும்புச் சட்டிக்குத் தேங்காய் நார்தான் சரிப்படும். நான்ஸ்டிக்குக்கு வெறும் துணி போதும். இதை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்லி விற்றால் பெயர் கெட்டுவிடும்.

8. துவைக்கும் முறையை எழுதிக் கொடுங்கள்

நாள்தோறும் இரவில் சோப்புப் போட்டு அலசி வளையத்தில் தொங்கவிட வேண்டும். வாரம் ஒருமுறை சலவை சோடா கொஞ்சம் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வெயிலில் போட வேண்டும். மீன், கறி துடைத்த துணியை மற்றத் துணியோடு ஊறப்போடக் கூடாது. துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அது இழையின் மேல் படிந்து துணி தண்ணீர் இழுப்பதைக் குறைத்துவிடும். பிளீச்சிங் பருத்தியை நைந்துபோகச் செய்யும். நார் கறுத்தாலோ வாடை நின்றாலோ மாற்றிவிட வேண்டும். பின்பக்கத் துணியையும் ஓரத்தையும் பிரித்தெடுத்துவிட்டால் நாரைச் செடிக்கு உரக்குழியில் போடலாம்.

இவ்வளவையும் உள்ளங்கை அளவு சீட்டில் அச்சடித்துவிடலாம்.

9. விலைக் கணக்கு

மேடைத்துணியை வைத்துக் காட்டுகிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

காடா மீட்டர் 80 ரூபாய் என்றால் 12 துண்டுக்குத் துணிச்செலவு தலைக்கு 6 ரூபாய் 70 காசு. நூல், மின்சாரம், சோடா, சோப்பு எல்லாம் சேர்த்து 2 ரூபாய். பன்னிரண்டையும் வெட்டித் தைக்க ஒன்றரை மணி நேரம். உங்கள் உழைப்புக்கு மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் ஒன்றுக்கு 7 ரூபாய் 50 காசு. சீட்டு, கட்டும் நூல் 2 ரூபாய். ஆக ஒரு துணிக்கு அடக்கம் 18 ரூபாய்க்குச் சற்று மேலே.

கடைக்காரர் விற்பனை விலையில் 30 சதவீதம் எடுக்கிறார் என்றால், 25 ரூபாய்க்கு விலை வைத்தால் உங்களுக்கு வருவது 17 ரூபாய் 50 காசு. நஷ்டம். 30 ரூபாய் வைத்தால் 21 வரும். கடைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுவிட்டுப் பிறகு விலை வையுங்கள். பெண்கள் பலரும் தங்கள் கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கூலி உண்டு.

10. காகிதங்கள்

உத்யம் பதிவு: குறு, சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு. இணையத்தில் செய்வது, கட்டணம் கிடையாது. ஆதார், அதோடு இணைத்த செல்பேசி, பான், வங்கிக் கணக்கு எண் போதும். எந்த ஆவணத்தையும் பதிவேற்றச் சொல்லமாட்டார்கள். தேடினால் அரசு தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும். முகவரியின் முடிவில் "கவ் டாட் இன்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கேட்டாலே வெளியே வந்துவிடுங்கள்.

நம் ஊரில் பெரிதாகத் தடுக்கி விடுவது இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், அல்லது கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றில் மட்டும் கணவர் பெயர் என்று இருந்தால் பான் சரிபார்ப்பில் நின்றுவிடும். பதிவுக்கு உட்காருமுன் இரண்டு அட்டையையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். தொழில் வகை கேட்கும் இடத்தில் 1392 என்று தேடுங்கள், ஆடை அல்லாத தைத்த துணிப் பொருட்கள் அந்த எண்ணில்தான் வரும். சான்றிதழைப் புதுப்பிக்கத் தேவையில்லை.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கிறவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெங்களூரில் இருப்பவருக்குப் பார்சல் அனுப்பி விற்றால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. அதற்கு இந்த வரம்பு பொருந்தாது, குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டுமே விலக்கு. பெரிய இணைய அங்காடிகளில் பதிவு இல்லாமல் மாநிலத்துக்குள் மட்டும் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி இருக்கிறது, அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் பான் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். பதிவு இல்லாதவர்கள் பில்லில் வரி என்று எதையும் வசூலிக்கக் கூடாது.

எடையளவுச் சட்டம்: இதைப் பற்றி யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை, சோதனை வரும்போதுதான் தெரியவரும். துணிகளை முன்கூட்டியே கட்டி, உறையிட்டு விற்றால், சீட்டில் உங்கள் பெயரும் முழு முகவரியும், பொருளின் பெயர், எண்ணிக்கை, அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விற்பனை விலை, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு கட்டுக்குள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றின் விலையும் வேண்டும். அளவு செ.மீ.யில்தான், அங்குலம் செல்லாது. இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், தமிழில் மட்டும் அச்சடித்தால் போதாது. கட்டி விற்கத் தொடங்கிய 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டிப் பெயரையும் முகவரியையும் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. ஆயிரக்கணக்கில் சீட்டு அச்சடிக்குமுன் மாதிரி ஒன்றை அங்கே காட்டிக் கேட்டுவிடுங்கள். எதையும் கட்டாமல், வாங்குகிறவர் எண்ணி எடுத்துக்கொள்ளும்படி தட்டில் வைத்து விற்றால் முன்கட்டுக்கான விதிகள் வராது. தொடக்கத்தில் நான் பரிந்துரைப்பது அதைத்தான், உறைக்கான செலவும் மிச்சம்.

"சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்ற வாசகம்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிப்படி, "பசுமை", "இயற்கைக்கு உகந்தது" போன்ற பொதுச் சொற்களை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் போடக் கூடாது. நேராகச் சொல்லுங்கள்: "100 சதவீதம் பருத்தித் துணி, பருத்தி நூல், துவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்." பாலியஸ்டர் நூலில் தைத்திருந்தால் "பிளாஸ்டிக் அற்றது" என்று எழுதாதீர்கள். மக்கள் நம்மை நம்பித்தான் நாலு காசு கூடக் கொடுத்து வாங்குகிறார்கள்.

11. எங்கே, எப்போது விற்பது

மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் பெயர் கொடுத்துவையுங்கள். குழுப் பொருட்களை விற்கும் மதி அங்காடிகள், கல்லூரி வளாகங்களில் நடக்கும் கல்லூரிச் சந்தை, கண்காட்சிகளில் இடம் தரும்போது குழுவின் பெயரில்தான் தருவார்கள். குழுவில் இல்லாதவர்களுக்கு இயற்கை அங்காடிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளும் நல்ல தொடக்கம். கடையில் சரக்கை வைத்துவிட்டு வந்தால் எத்தனை துணி, என்ன விலை, எந்தத் தேதியில் பணம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தெரிந்தவர் கடையாக இருந்தாலும் எழுதுங்கள்.

தை முதல் வைகாசி வரை வெயிலை நம்பித் துணியை நனைத்து, வெட்டி, தைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போதும் பொங்கலுக்கு முன்பும்தான் இந்தப் பொருட்களுக்குக் கேட்பு கூடும், இரண்டும் மழையை ஒட்டியே வரும். காடாவைப் புரட்டாசி பிறப்பதற்குள் நனைத்து முடித்துவிடுங்கள். கையில் சரக்கு இல்லாமல் ஐப்பசியில் ஆர்டர் எடுத்தால் துணி காய்வதற்கே நாள் போய்விடும். தைத்த சரக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அடுக்காமல் பருத்திப் பையில் போட்டு, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். கூடவே கொஞ்சம் காய்ந்த வேப்பிலை போட்டு, மாதம் ஒருமுறை வெயிலில் உதறிப் போடுங்கள்.